பழமை ஒன்றே பிரமாணமாகுமோ?

மேனாடுகளில் இக்காலத்தே ஒரு புதுச்சமயம் வேரூன்றி வருகின்றது. கிறித்துவ சமயம் பரவுதற்கு முன்னர் ஆங்குள்ளார் வழிபட்ட தெய்வங்களை மீட்டும் வழிபடுவோம் என்று புறப்பட்ட ஆடவரும் பெண்டிரும் தம்மைப் 'பேகனியர்' என்று தாமே வழங்கிக்கொள்கின்றனர். பெண்தெய்வத்தைத் தலையாகக் கோடலும், மரங்களைப் புனிதமாகப் போற்றலும், நாடோடிக் கதைகளை மறைநூல்போல் மதித்தலும் அவர்தம் நெறியைத் தாங்கும் மூன்று தூண்களாம். இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்க ஐக்கிய நாடுகள் முதலிய இடங்களில் அவர் கூட்டங்கள் பலவுள.

இச்செய்தி கேட்ட தமிழருள் இருதிறத்தார் இருவேறு வகையாக மயங்குகின்றனர். ஒருசாரார், "கண்டீரோ! மேனாட்டாரும் நம் அம்மன் வழிபாட்டிற்கும் தலமரத்திற்கும் வந்துவிட்டனர், இனி நம் சமயத்திற்கு வேறு சான்று வேண்டா" என்று களிக்கின்றனர். மற்றொருசாரார், "மரத்தையும் பெண்ணுருவையும் கும்பிடுதல் எங்குமுள்ள பேதைமையே, அயர்லாந்து முள்மரமும் திருக்குற்றாலக் குறும்பலாவும் ஒன்றே" என்று நகைக்கின்றனர். களிப்பும் நகைப்பும் ஆராய்ச்சியின்மை என்னும் ஒரு தாய் வயிற்றுப் பிறந்தவை. பேகனியர் கூறுவனவற்றுள் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என அளவைகளால் நிறுத்துக் காண்டலே சித்தாந்த சைவர்க்கு அழகாம். பரபக்கத்தை அதன் வலிமையோடு எடுத்துக்கூறாது மறுத்தல் சிவஞானசித்தியார் காட்டிய நெறியன்று. ஆதலின், முதற்கண் அவர் பக்கத்து நியாயம் கூறப்படும்.

'பேகன்' என்னும் சொல் நாட்டுப்புறப் பகுதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. நாட்டுப்புறத்தான் என்பதே அதன் முற்பொருள். பின்னர்க் கிறித்துவர் தம் சமயஞ் சாராதாரை இகழும் வசைச்சொல்லாக அது மாறிற்று. வசையோடு கோடரியும் சென்றது. ஏறத்தாழ 723-ஆம் ஆண்டில் போனிபாசு என்னும் பாதிரியார், செருமனி நாட்டிலே இடித்தெய்வத்திற்கு உரியதாய் நின்ற கருவாலி மரத்தை வெட்டி வீழ்த்தி, அம்மரங்கொண்டே ஒரு சிற்றாலயம் எடுப்பித்தார் என்று அவர் சரிதமே பெருமையோடு கூறுகின்றது. 772-ஆம் ஆண்டில் சார்லிமேன் மன்னன் சாக்சானியர் போற்றிய இர்மின்சூல் என்னும் தூணை அழித்தான். வெட்டினோர் வரலாறு எழுதினர்; வெட்டுண்டோர் வாய்மூடினர். இம்மனப்பான்மை அக்காலத்தோடு ஒழிந்ததோ எனின், அன்று. தென்னாட்டுக் கிராம தெய்வங்களைப்பற்றி 1916-ஆம் ஆண்டில் நூலெழுதிய சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் என்பவர், அவ்வழிபாடுகளை விரிவாகத் தொகுத்துக்கூறிய பின்னர், அவற்றைக் களைந்து தம் சபைக்கு நிலந்திருத்துதலே முன்னேற்றத்தின் முதற்படி என்று முடிபு கூறினார். கோடரியின் இடத்தை எழுதுகோல் பெற்றது, வேறுபாடு அவ்வளவே.

ஆகவே, தம் முன்னோர் தெய்வங்கள் வலிந்து அழிக்கப்பட்டன என்று பேகனியர் வருந்துதல் பழிக்கத்தக்கதன்று. மண்ணையும் மரத்தையும் விலைப்பொருளாகவே காணும் நாகரிகத்தை வெறுத்தலும், கடவுளைத் தந்தையென்றே கூறித் தாயென்று கூறாத வழிபாட்டில் நிறைவு காணாமையும் பழிக்கத்தக்கன அல்ல. அம்மையப்பனை வழிபடும் சைவர் அவ்வேட்கையை மதிப்பர். ஆயின், வேட்கை நன்றாயினும் அதனைத் தணிக்க முகந்த நீர் கானலாயின், அதனைக் கானலென்று கூறுதலே நட்பாம்.

பேகனியருட் பலர் கொண்டிருந்த கூற்று வருமாறு: கற்காலமுதல் ஐரோப்பாவெங்கும் ஒரு பெருந்தாய் வழிபடப்பட்டாள், கிறித்துவம் வந்தபின் அவ்வழிபாடு ஒளிந்து வாழ்ந்தது, சூனியக்காரர் என்று கொல்லப்பட்டோர் உண்மையில் அப்பழஞ்சமயத்து அடியவர், அறாது வந்த அம்மரபே இன்று வெளிப்பட்டுள்ளது என்பது. இதற்கு வித்திட்டவர் மார்கரெட் மரே என்னும் அம்மையார். எகிப்திய ஆராய்ச்சியில் வல்லவராகிய அவர், 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சூனிய வழக்குக்களிற் கூறப்பட்டோர் ஒரு பழைய சமயத்தினர் என்று வாதித்தார். அவர் எடுத்த சான்றுகளோ வருத்தியும் அச்சுறுத்தியும் பெற்ற வாக்குமூலங்கள் பலவற்றை உள்ளிட்டவை. அவ்வாக்குமூலங்களில் வரும் வானிற் பறத்தல் முதலிய நடவாச் செய்திகளை நீக்கி, நடக்கக்கூடியன போல்வனவற்றையே அவர் கோத்துக் காட்டினார் என்பதை நார்மன் கோன் என்னும் வரலாற்றாசிரியர் 1975-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். ஒரே வாய்மொழியிற் பாதியைப் பொய்யென்று விலக்கி மறுபாதியை மெய்யென்று கொள்வார், அப்பாகுபாட்டிற்கு ஏது காட்டுதல் வேண்டும். ஏது காட்டப்பட்டிலது.

மரே நட்ட வித்திற்கு நீர் வார்த்தவர் ஜெரால்டு கார்டினர். இவர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் பின்னர் மலாயாச் சுங்கத்துறையிலும் பணிபுரிந்து இங்கிலாந்திற்கு மீண்டவர். சூனியம்பற்றிய 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டபின், 1954-ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட நூல், இன்று 'விக்கா' என வழங்கும் நெறியை உலகிற்கு அறிவித்தது. அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் மரே அம்மையாரே. அந்நெறியின் சடங்குகளை ஆராய்ந்தோர், அவற்றுள் அலிஸ்டர் கிரௌலியின் எழுத்துக்களும், பிரீமேசன் சங்கத்தாரின் முறைகளும், சார்லஸ் லீலாண்டு 1899-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பகுதிகளும் கலந்துள்ளமையைக் காட்டியுள்ளனர். தொன்றுதொட்டு வந்ததென்ற ஆடையின் நூலிழை பலவும் அண்மைக்காலத் தறியில் நூற்றவையாய் முடிந்தன.

இனி, மரங்களுக்கு வருவோம். 'கெல்தியர் மரப் பஞ்சாங்கம்' என்ற ஒன்று இன்று பேகனியரிடையே பெருவழக்காய் உள்ளது. ஆண்டு 13 மாதமாம். மாதந்தோறும் 28 நாளாம். மாதத்திற்கு ஒரு மரமாம். 364 நாள் போக எஞ்சிய ஒருநாள் தனித்து நிற்குமாம். இதனைப் பழைய துரூயிதர் என்னும் குருமாரின் ஞானம் என்று கூறி, பிறந்தநாட்கு மரங்குறித்துப் பலன் சொல்வாரும் உளர். இதனை வகுத்தவர் துரூயிதர் அல்லர்; ஆங்கிலப் புலவர் இராபர்ட் கிரேவ்ஸ் ஆவர். 1948-ஆம் ஆண்டில் வெளிவந்த 'வெண்தேவி' என்னும் பொருளுடைய பெயர்கொண்ட தம் நூலில் அவர் இதனை அமைத்தார்.

அவர் இதற்கு அடியாகக் கொண்டது அயர்லாந்தின் ஓகம் என்னும் பழைய எழுத்து. கல்லின் விளிம்பையே நடுக்கோடாகக்கொண்டு கீற்றுக்களாகப் பொறிக்கப்படுவது அது. ஏறத்தாழ 400 ஓகக் கல்வெட்டுக்கள் அயர்லாந்திலும் பிரித்தானியாவின் மேற்பகுதிகளிலும் கிடைத்துள்ளன. அவற்றிற் பெரும்பாலன இன்னானுடைய மகன் இன்னான் என்று ஆட்பெயர் கூறுவன; மாதக்கணக்கு ஒன்றினும் இல்லை. எழுத்துப் பெயர்களிற் சில மரப்பெயர்களே என்பது மெய். எல்லா எழுத்திற்கும் மரங்கூறுதல் பிற்காலத்து உரையாசிரியர் செயல். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பாலிமோட்டு ஏட்டில், மரவரிசையோடு பறவைவரிசையும் ஆற்றுவரிசையும் நிறவரிசையும் அவ்வெழுத்துக்களுக்கே கூறப்பட்டுள்ளன. மரவரிசை உண்மையால் மரமாதம் உண்டென்று துணியின், பறவைவரிசை உண்மையாற் பறவைமாதமும் உண்டென்று துணிதல் வேண்டும். அங்ஙனம் துணிவார் ஒருவரும் இலர். கிரேவ்ஸ், 1685-ஆம் ஆண்டில் ஒபிளாகெர்ட்டி என்பார் அச்சிட்ட நூலிலிருந்து எழுத்துமுறை ஒன்றை எடுத்து, மெய்யெழுத்துப் பதின்மூன்றைப் பதின்மூன்று மாதமாக்கினார். அவர்தம் பாட்டனாராகிய அத்தியட்சர் சார்லஸ் கிரேவ்ஸ் ஓக எழுத்தாராய்ச்சியிற் பேர்பெற்றவர். பேரனாரோ அவ்வாராய்ச்சியின் வழி நின்றாரல்லர்.

காட்சியளவையாலும் இது மறுக்கப்படும். கெல்திய இனத்தாரின் உண்மைப் பஞ்சாங்கம் ஒன்று, பிரான்சு நாட்டுக் கொலிஞி என்னும் இடத்தில் 1897-ஆம் ஆண்டில் வெண்கலத் துண்டுகளாக அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஏறக்குறைய 2-ஆம் நூற்றாண்டினதாகிய அதில் ஐந்தாண்டிற்குரிய 62 மாதங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு இடைச்செருகிய மிகைமாதங்கள். சாதாரண ஆண்டிற்கு மாதம் 12. மாதங்கள் 30 நாள் அல்லது 29 நாள் என்று குறிக்கப்பட்டுள்ளன. இது திங்களின் செலவை நோக்கி வகுத்த கணக்காதலின், 28 நாட் பதின்மூன்று மாதக் கணக்கிற்கு இங்கே இடமில்லை. வெண்கலம் ஒன்று கூற, கற்பனை மற்றொன்று கூறின், அறிவுடையார் வெண்கலத்தையே நம்புவர். கிரேவ்ஸின் நூல் புலவனொருவன் கனவென்ற அளவிற் சிறந்ததே. கனவைச் சாசனமாகப் பதிவு செய்தவிடத்தே குற்றம் பிறந்தது.

இவற்றையெல்லாம் மேனாட்டார் அறியாரோ எனின், அறிவர். ரொனால்டு ஹட்டன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இப்புதுச்சமயத்தின் பிறப்பைப் பகைமையின்றி விரித்துரைத்தார். பேகனியருட் கற்றோர் பலர் அம்முடிபை ஏற்றுக்கொண்டமை அவர்க்குப் பெருமையே. ஏற்றபின் அவர் கூறும் விடை வருமாறு: "மரபு புதிதாயின் என்? பயன் தருகின்றதன்றோ? எச்சமயமும் ஒருநாட் புதியதாய் இருந்ததே."

இவ்விடையிற் பாதி சைவர்க்கும் உடன்பாடே. 14-ஆம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியர், சிவப்பிரகாசத்தின் பாயிரத்திலே, நூலொன்றன் நன்மை தீமைகளை அதன் பழமை புதுமைகளால் துணிதலாகாது என்று வரையறுத்தருளினார். ஆகலின், விக்கா நெறி 1954-ஆம் ஆண்டிற் புறப்பட்டதென்பது அதற்கு இழுக்கன்று. புதுமையை மறைத்துப் பழமையென விற்றலே இழுக்கு. பயன் தருகின்றதாதலின் பொய்யும் ஆகும் என்பது பொருந்தாது. என்னை? வழிபாடாவது உயிர் தன்னைக் கடவுளிடம் ஒப்புவித்தல். ஒப்புவிக்குங்கால் அறிந்து கைக்கொண்ட பொய்யொன்றை இடையே வைத்தல், தாயின் முன்னர் வேற்றுமுகம் பூண்டு நிற்றலை ஒக்கும். கற்றார் சிலர் உண்மையை ஒப்பினும், அங்காடிகளில் அம்மரப் பஞ்சாங்கம் இன்றும் பண்டையோர் ஞானம் என்றே விலைபோகின்றது.

இப்பொய்யால் கேடுறுவார் யாவர்? உண்மையாகவே மரபு காத்துவந்த எளியோரே. அயர்லாந்தின் பிரிசித்து வழிபாட்டை நோக்குக. ஏறத்தாழ 900-ஆம் ஆண்டில் தொகுத்த கோர்மக்கு சொற்கோவை, புலவர் போற்றிய பிரிசித்து என்னும் பெண்தெய்வத்தையும், மருத்துவத்திற்கும் கொல்தொழிற்கும் உரிய அவள் உடன்பிறந்தாரையும் குறிக்கின்றது. அப்பெயரே பூண்ட தவப்பெண்ணின் மடம் நின்ற ஊர் கில்டேர். அவ்வூர்ப்பெயர்க்குக் கருவாலிமரத்துக் கோயில் என்பது பொருள். ஆங்குப் பெண்டிர் பத்தொன்பதின்மர் முறைவைத்து அணையாத்தீ ஓம்பினர் என்று 12-ஆம் நூற்றாண்டு ஆசிரியரொருவர் எழுதிவைத்தார். பின்னாளில் அவிந்த அத்தீயை 1993-ஆம் ஆண்டில் மீட்டும் ஏற்றியவரும் கிறித்துவத் துறவுமகளிரே. பிப்ரவரி முதல்நாள் கோரைப்புல்லாற் சிலுவை முடைந்து வாயிலிற் செருகுவோர் நாட்டுப்புறத்துக் குடும்பத்தார். அந்நாளைச் சார்ந்து 2023-ஆம் ஆண்டுமுதல் அயர்லாந்து அரசும் விடுமுறை அளிக்கின்றது.

இம்மகளிரை நோக்கி, "நீவிர் ஓம்புவது எம் தேவியின் தீ, நும்முடைய தவப்பெண் அவள்மேற் போர்த்த போர்வை" என்று கூறும் பேகனியர் உளர். தெய்வமும் தவப்பெண்ணும் எவ்வாறு தொடர்புற்றனர் என்பது ஆராய்தற்குரியதே. ஆனால், வழிவழி விளக்கேற்றிய கையை விலக்கிவிட்டு, அவ்விளக்கின் ஒளியை மட்டும் உரிமைகொள்ளுதல் அறமாமோ? போனிபாசு மரத்தை வெட்டினார். இவர் மரத்தை விட்டு வேரை வெட்டுகின்றனர்.

கந்தைமரச் செய்தியும் இத்தகையதே. புனித ஊற்றின் அருகே நிற்கும் மரத்தில், நோயுற்றோர் துணிக்கீற்றொன்றைக் கட்டுவர். துணி மட்கமட்க நோயும் தேயும் என்பது அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நாட்டார் நம்பிக்கை. மட்குதலே அச்சடங்கின் உயிர். நாட்டாரிடம் கேட்டறியாது வருவோரோ மட்காத செயற்கை நாடாக்களைக் கட்டிச்செல்கின்றனர். அவை கிளையை இறுக்கி மரத்தை வருத்துகின்றன. சடங்கின் பொருளும் கெடுகின்றது. இதற்கு மாறாக, 1999-ஆம் ஆண்டில் கிளேர்க் கோட்டத்து லாட்டூனில் நெடுஞ்சாலைக்கு வெட்டப்படவிருந்த முள்மரம் ஒன்று காக்கப்பட்டமை காண்க. அது தேவகணங்கள் கூடுமிடம் என்று முதியோர்பாற் கேட்ட கதையை எட்டி லெனிஹான் என்னும் கதைவல்லார் எடுத்து வாதித்தார். சாலை மரத்தை விலகிச் சென்றது. அவர் பஞ்சாங்கம் புனைந்திலர்; கேட்டதைக் கேட்டவாறே கூறினார். நாடோடிக் கதைக்குச் செய்யும் மரியாதை அதுவே.

இனிப் பொருளாராய்ச்சி. பேகனியர் வழிபடும் தேவி யார்? அவருள் ஒருசாரார், தேவி மனத்தின் ஆழத்துள்ள ஒரு வடிவமே என்பர். மனம் மாயையின் காரியம், சடம். அம்மனமும் அறிவித்தாலன்றி அறியமாட்டாத உயிரைச் சார்ந்தே தொழிற்படும். கட்டுண்டவன் தன் நினைவில் எழுதிய சாவியால் தன் விலங்கைத் திறத்தல் யாண்டும் இல்லை. மற்றொருசாரார், உலகமே தேவி என்பர்; 1979-ஆம் ஆண்டில் ஸ்டார்ஹாக் என்னும் அம்மையார் எழுதிப் புகழ்பெற்ற நூலின் போக்கும் இதுவே. உலகமோ தோன்றி நின்று அழிவது; அம்முத்தொழிற்படுதலால் அதற்கொரு கருத்தா வேண்டும் என்பது சிவஞானபோதத்தின் முதற்சூத்திரப் பொருள். செய்யப்பட்டதனையே செய்தவளாகக் கொள்வது குடத்தைக் குயவன் என்பதனோடு ஒக்கும். வேறொருசாரார், கன்னி தாய் கிழவி என மூவுருவினள் என்பர். அவ்வமைப்பைப் பரப்பியதும் கிரேவ்ஸ் நூலே. மூத்தலும் தேய்தலும் விகாரம், விகாரமுடையது நித்தமன்று, நித்தமல்லாதது பிறவி தீர்க்கமாட்டாது. திங்கள் தேய்வதுகொண்டு அதனைப் படைத்தாளும் தேய்வாள் எனல் என்னை?

சைவர் கூறும் சத்தியோ இம்மூன்றும் அல்லள். தீயும் சூடும்போலச் சிவத்தின் வேறாகாத திருவருளே சத்தி. அவள் ஒருத்தியே, இச்சை ஞானம் கிரியை எனத் தொழில்வகையாற் பலவாய்த் தோன்றுவாள். பேகனியர் கூட்டங்களிற் பாடப்படும் பாட்டொன்று ஐசிசு, அசுதார்த்தே முதலிய பெயர்களோடு காளியின் பெயரையும் கோத்துச்செல்கின்றது. பெயர்களைக் கோத்தலால் ஒருமை வாராது; எல்லாப் பெயருக்கும் உள்நின்றாளை உணர்தலாலே வரும். ஆயினும் சைவர் அவர் வழிபாட்டை இகழார். எத்தெய்வத்தை எவர் அன்பால் வழிபடினும், ஆங்கே நின்று பயனளிப்பவன் அம்மையொடு கூடிய பெருமானே என்பது சித்தியார் கருத்து. அயர்லாந்து மூதாட்டி கட்டும் கந்தையும் அவன் திருமுன்னர்க் காணிக்கையே.

மரவழிபாடும் இந்நியாயத்தால் தெளிவாம். திருஞானசம்பந்தர் குறும்பலாவிற்குத் தனிப்பதிகம் அருளினார். ஆண்டு அவர் பாடியது பலாவை இடமாகக் கொண்ட பெருமானையே. தில்லைமரம் நிறைந்தமையாற் பெயர்பெற்ற ஊர் தில்லை. அம்மரத்தை இன்று காண விழைவார் கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிகளுக்குச் செல்லல் வேண்டும். மரம் ஊரைவிட்டு அகன்றது, கூத்தன் அகன்றானல்லன். மரமே தெய்வம் என்பார்க்கு மரம் வீழ்ந்த அன்றே தெய்வமும் வீழும். மரம் தெய்வத்தின் இடம் என்பார்க்கு ஒருநாளும் வீழாது. முள்மரமும் குறும்பலாவும் ஒன்றெனக் கூறி நகைத்தார்க்கு இதுவே விடை.

களித்தார்க்கும் ஒரு விடை உண்டு. கிரேவ்ஸ் செய்த பிழையைத் தமிழகத்திற் செய்வார் இலரோ? காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்திற்கு அகவை 3,500 ஆண்டு என்று எழுதுவார் பலர். மாமரம் அத்துணைக்காலம் நிற்கும் இனமன்று என்பது தோட்டக்காரனும் அறிவான். அம்மாவின் பெருமை அதன்கீழ் அம்மை இயற்றிய தவத்தால் ஆயது, ஆண்டெண்ணிக்கையால் ஆயதன்று. கல்வெட்டும் பதிகமும் தக்க சான்றாய் நிற்க, அவற்றைப் படியாது, ஒவ்வொரு கோயிலுக்கும் பல்லாயிரம் ஆண்டு கூட்டிச் சொல்லுதல் பத்தியன்று, நம்பிக்கைக் குறைவே. பொய்யைத் துணைக்கழைப்பவன் மெய் தன்னைத் தாங்காதென்று அஞ்சுகின்றான்.

அகவையைப் பெருக்கும் அன்பர் அம்மரத்தின் வேரை நோக்குவாராயின் நன்று. தலமரத்தின் அடியிற் சிமிட்டி பாவி நீர் புகாது அடைத்தலும், மட்காத நூலும் நெகிழிப்பையும் கிளையிற் கட்டுதலும், ஆணியறைந்து பலகை தொங்கவிடுதலும் எத்தனை கோயில்களில் நிகழ்கின்றன! அயர்லாந்துக் கந்தைமரத்தை இறுக்கும் நாடாவும் ஈண்டுத் தொட்டில்கட்டும் செயற்கைக் கயிறும் ஒரே ஆலையின் மக்கள். தலமரம் பட்டபின் அதன் பழமையை எழுதிய பலகை மட்டும் எஞ்சுமாயின், போனிபாசின் கோடரியைப் பழிக்கும் உரிமை எவர்க்கு உண்டு?

ஆகலின், பழமை பிரமாணமன்று, புதுமை குற்றமன்று, பொய்யே குற்றம். மரத்திற்கு நீர் வேண்டும். கதைக்குக் கேட்டவாறு கூறும் நா வேண்டும். வழிபாட்டிற்கு வழிபடப்படும் பொருளின் மெய்ம்மை வேண்டும். இம்மூன்றும் உடையார் எந்நாட்டாராயினும் திருவருளுக்கு அணியர். இல்லார் திருக்கோயிலின் உள்ளே நிற்பினும் சேயர். சிமிட்டியைப் பெயர்த்து ஒருகுடம் நீரை வேரில் வார்த்தல், மரத்திற்கு ஆயிரம் ஆண்டு கூட்டிச் சொல்லுதலினும் சிறந்த சிவபுண்ணியமாம் என்க.

திருச்சிற்றம்பலம்.